நகரத்துக்கு ஒன்று, ரப்பர் விளைக்கு வேறொன்று: வோல்பாக்கியா கொசு குமரிக்கு ஒத்துவருமா?

பருவமழை தொடங்கிவிட்டால் குமரி மாவட்டத்தில் எந்தக் கூட்டமாக இருந்தாலும் சரி, கிராமசபையோ குடியிருப்போர் சங்கமோ பங்குப் பேரவையோ, பேச்சு சுற்றிச் சுற்றிக் கொசுவில்தான் வந்து நிற்கும். "புகை எப்போ அடிப்பீங்க?" என்பது பழைய கேள்வி. இப்போது யூட்யூப் பார்த்த யாராவது ஒருவர் எழுந்து, "பாக்டீரியா ஏத்துன நல்ல கொசு இருக்காமே, அத நம்ம ஊருக்குக் கேட்டா என்ன?" என்றும் கேட்கிறார்.

கேட்கலாம்தான். எதைக் கேட்பது என்று தெரிந்து கேட்க வேண்டும். பாக்டீரியா கொசு என்று ஒரே பேரில் சொல்லப்படுவது உண்மையில் குறைந்தது மூன்று திட்டங்கள். நோக்கம் வேறு, செலவு வேறு, விடுகிற கொசுவும் வேறு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாகர்கோவில் போன்ற நெருக்கமான நகரத்துக்கும் குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களுக்கும் அதில் ஒன்று நன்றாகப் பொருந்தும். குலசேகரம், திருவட்டாறு, அருமனை, கீரிப்பாறைப் பக்கத்து ரப்பர் விளைகளுக்கு, அதாவது தோட்டங்களுக்கு, அது உதவாது. அங்கே கடிக்கிற கொசு வேறு சாதி. அதன் உடம்பில் இந்தப் பாக்டீரியா ஏற்கெனவே குடியிருக்கிறது.

பூட்டும் சாவியும்

பாக்டீரியாவின் பேர் வோல்பாக்கியா. 1924-இல் ஹெர்ட்டிக், வோல்பாக் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் சாதாரண க்யூலெக்ஸ் கொசுவின் உடம்புக்குள் இதைப் பார்த்தார்கள். 1936-இல் ஹெர்ட்டிக் தன் சகாவின் பேரையே அதற்கு வைத்தார். பிறகு தேடத் தேட எல்லா இடத்திலும் அகப்பட்டது. பூச்சி இனங்களில் ஏறக்குறைய பாதியில் இருக்கலாம் என்பது இன்றைய மதிப்பீடு. பழத்தைச் சுற்றும் குட்டி ஈயில் உண்டு, பயிரில் ஏறும் சில செம்பேன்களிலும் உண்டு. யானைக்கால் நோயைத் தரும் புழுவுக்குள்ளும் உண்டு; டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்து அந்தப் பாக்டீரியாவை அழித்தால் புழுவால் குஞ்சு பொரிக்க முடியாமல் போகிறது. ஒட்டுண்ணியாகத் தொடங்கிய உறவு சில உயிர்களில் ஒன்றில்லாமல் மற்றது இல்லை என்ற அளவுக்குப் போயிருக்கிறது.

வோல்பாக்கியா செல்லுக்குள்ளேதான் வாழும். காற்றிலோ தண்ணீரிலோ பரவாது. தாயிடமிருந்து முட்டை வழியாகப் பிள்ளைக்குப் போகும். தகப்பன் வழியாகப் போகாது. அதனால் பெண் பூச்சிகள் பெருகினால்தான் அதற்கு லாபம். அதற்கு அது செய்யும் தந்திரத்தைப் புரிந்துகொண்டால் மூன்று திட்டங்களும் புரிந்துவிடும். வோல்பாக்கியா உள்ள ஆண் கொசு விந்தில் ஒரு பூட்டைப் போட்டுவிடுகிறது. சாவி வோல்பாக்கியா உள்ள பெண்ணின் முட்டையில்தான் இருக்கிறது. சாவி இல்லாத பெண்ணோடு அந்த ஆண் சேர்ந்தால் முட்டை பொரியாது. சாவி உள்ள பெண்ணோ எந்த ஆணோடு சேர்ந்தாலும் பொரிக்கும். ஆகவே தலைமுறைக்குத் தலைமுறை சாவிக்காரிகளின் எண்ணிக்கை ஏறும். வோல்பாக்கியாவில் வகை மாறினால் பூட்டும் மாறும். இதை நினைவில் வையுங்கள், ரப்பர் விளைக்குப் போகும்போது தேவைப்படும்.

டெங்குவைப் பரப்பும் முதல் குற்றவாளி ஏடிஸ் எஜிப்டி என்ற கொசு. அதில் இயற்கையாக வோல்பாக்கியா கிடையாது என்றே சொல்லலாம். பழ ஈயிலிருந்து எடுத்து, ஊசியால் கொசு முட்டைக்குள் ஏற்றி ஆஸ்திரேலியாவில் ஒரு வம்சத்தை உருவாக்கினார்கள். 2011-இல் கெய்ன்ஸ் நகரத்தில் பறக்கவிட்டார்கள். அப்போதுதான் இரண்டாவது நன்மை பெரிதாகப் பேசப்பட்டது: வோல்பாக்கியா குடியேறிய கொசுவின் உடம்பில் டெங்கு வைரஸ் சரியாகப் பெருகுவதில்லை. கொசு கடிக்கும், நோய் ஏறுவது குறையும்.

மூன்று திட்டங்கள்

முதலாவது, மாற்றிவைப்பது. ஆண், பெண் இரண்டையும் விட்டு, ஊர்க் கொசுக்கள் எல்லாவற்றையும் சில மாதங்களில் வோல்பாக்கியா கொசுக்களாக ஆக்கிவிடுவது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் இதைத்தான் செய்தார்கள். நகரத்தை 24 பகுதிகளாகப் பிரித்து, 12-இல் மட்டும் விட்டு ஒப்பிட்டார்கள். 2021-இல் வெளிவந்த முடிவின்படி விட்ட பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைவு. ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய அளவு டெங்கு 86 சதவீதம் குறைவு. பறக்கவிட்டதுகூட இல்லை. முட்டையும் தண்ணீரும் கொஞ்சம் தீனியும் போட்ட வாளியை வீட்டு முற்றத்தில் வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றினார்கள். கொசு தானாகப் பொரிந்து போனது.

இரண்டாவது, ஒழிப்பது. ஆண்களை மட்டும் விடுவது. சாவி இல்லாத ஊர்ப்பெண் கொசு போடும் முட்டை பொரியாது, எண்ணிக்கை விழும். சிங்கப்பூர் 2016 முதல் இந்த வழியில் போகிறது. ஆண் கொசு கடிக்காது என்பதால் மக்களிடம் சொல்வது சுலபம். ஆனால் நிறுத்தினால் கொசு திரும்பி வந்துவிடும். கொசு உற்பத்தி செய்ய ஒரு ஆலையே நிரந்தரமாக ஓட வேண்டும், ஆண் பெண்ணைப் பிரிக்கும் எந்திரம் வேண்டும்.

மூன்றாவது, ரப்பர் விளைக்காரர்கள் காது கொடுக்க வேண்டியது. சீனாவில் குவாங்சோ நகரத்தருகே ஆற்றுத் தீவுகள் இரண்டில் ஏடிஸ் ஆல்போபிக்டஸ் என்ற கொசு மேல் செய்த சோதனை, 2019-இல் வெளியானது. இந்தக் கொசுவில் ஏற்கெனவே இரண்டு வகை வோல்பாக்கியா இயற்கையாக உண்டு. இரண்டு பூட்டுக்கும் சாவி இருப்பதால் அதே வகையை ஏற்றிப் பயனில்லை. க்யூலெக்ஸிலிருந்து எடுத்த மூன்றாவது வகையை ஏற்றி, ஆண்களாகப் பொறுக்கினார்கள். தவறி நுழையும் பெண்கள் முட்டையிட்டுவிடக் கூடாது என்று கூட்டுப்புழு நிலையிலேயே லேசான கதிர்வீச்சும் கொடுத்து விட்டார்கள். கொசு கிட்டத்தட்ட இல்லாமலே போனது. அவை ஆறு சூழ்ந்த தீவுகள், வெளிக்கொசு வருவது கடினம். களியக்காவிளை வழியாகக் கேரளத்தோடு ஒட்டிக் கிடக்கும் நம் ஊருக்கு அந்த வசதி இல்லை. பழைய டயரில் ஒட்டிய முட்டை லாரி ஏறி எல்லை தாண்டும். இரண்டாவது, மூன்றாவது திட்டங்களை நான் தள்ளிவைப்பதற்கு முதல் காரணம் இதுதான். இரண்டாவது காரணம் ஆண்டுக்காண்டு வேண்டிய பணம்.

சிரட்டைக்குள் எட்டிப் பார்த்தால்

ஆகஸ்டில் மழை இரண்டு நாள் விட்ட பிறகு, பால்வெட்டு நடக்காத ஒரு ரப்பர் விளைக்குள் போய்ப் பாருங்கள். மரத்தில் கம்பி வளையத்தில் தொங்கும், பால் பிடிக்கும் சிரட்டையில் முக்கால் அளவு மழைநீர். அடியில் உறைந்த பாலின் வெள்ளைப் படலம், மேலே ஒரு பழுத்த இலை. இலையை எடுத்துவிட்டுக் கொஞ்சம் அசையாமல் நின்றால், தண்ணீர் மட்டத்தில் தலைகீழாகத் தொங்கும் புழுக்கள் தெரியும். வால் நுனியில் உள்ள குழாய் மட்டும் மேலே ஒட்டியிருக்கும், மூச்சு அதில்தான். உங்கள் கை நிழல் விழுந்த நொடியில் எல்லாம் நெளிந்து அடிக்குப் போய்விடும். சிரட்டையின் உள்சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே கரும்பொட்டுகள் போல இருப்பவை முட்டைகள். தண்ணீர் வற்றினாலும் அவை மாதக்கணக்கில் காத்திருக்கும், மழை தொட்டதும் பொரியும். முட்டையிலிருந்து பறக்கும் கொசு ஆக ஒரு வாரம், பத்து நாள் போதும்.

அங்கே உங்கள் முழங்கையில் வந்து உட்காரும் கொசுவின் முதுகையும் பாருங்கள். நடுவே ஒரே ஒரு வெள்ளைக் கோடு நேராக ஓடினால் ஆல்போபிக்டஸ். இரண்டு பக்கமும் வளைந்த கோடு போட்டு யாழ் மாதிரி இருந்தால் எஜிப்டி. முதலாவது வெளியே, நிழலில், செடிக்குள் இருக்கும். மரப்பொந்து, சிரட்டை, அன்னாசி இலையின் கக்கம், தேங்காய் மட்டை எல்லாம் அதற்கு வீடு. இரண்டாவது வீட்டுக்குள் இருப்பது. பிளாஸ்டிக் டிரம், மூடாத சிமெண்டுத் தொட்டி, பிரிட்ஜின் பின்தட்டு, மணிபிளாண்ட் பாட்டில். இரண்டும் பகலில் கடிக்கும்.

ஆல்போபிக்டஸ் இரண்டாம்தரக் குற்றவாளி என்று விட்டுவிட முடியாது. 2007-இல் கேரளத்தில் கிடைத்த சிக்குன்குனியா வைரஸில் ஒரு சிறு மாற்றம் இருந்தது. அந்த மாற்றம் வைரஸை இந்தக் கொசுவின் உடம்பில் இன்னும் எளிதாக ஏறச் செய்வது. ரப்பர் பெல்ட்டுக்கு அந்த வருஷங்கள் மறக்காது. மூட்டு வலியோடு பால்வெட்டுக்குப் போனவர்களை இந்தப் பக்கமும் எல்லாருக்கும் தெரியும்.

ஆக, யோக்யகர்த்தா திட்டத்தை அப்படியே கொண்டுவந்து குலசேகரத்தில் இறக்கினால் என்ன ஆகும்? வாளியில் பொரிந்து பறப்பது எஜிப்டி. விளைக்குள் இருப்பது ஆல்போபிக்டஸ். அவை தமக்குள் சேர்ந்து வம்சம் வளர்ப்பவை அல்ல. வீட்டுக்குள் இருக்கும் கொஞ்சம் எஜிப்டி மாறலாம், விளையில் கடிபடுகிறவருக்கு ஒரு மாற்றமும் தெரியாது. ஆல்போபிக்டஸிடம் ஏற்கெனவே உள்ள வோல்பாக்கியா ஏன் அதைத் தடுக்கவில்லை என்று கேட்டால், நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்து இரண்டும் பழகிவிட்டன; வைரஸைத் தடுக்கும் பலம் புதுக் குடியேறியிடம் இருக்கும் அளவுக்கு அதில் இல்லை.

விளைக்கு எது?

இங்கே பாக்டீரியாவே வேண்டாமா என்றால், வேறொரு பாக்டீரியா இருக்கிறது. பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸின் இஸ்ரேலென்சிஸ் வகை, சுருக்கமாக பிடிஐ. இது உள்ளே குடியிருப்பது அல்ல, புழு தின்றால் குடலை அரித்துக் கொல்லும் நஞ்சுப் படிகம் கொண்டது. 1970-களில் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டெடுத்தது. புதுச்சேரியில் உள்ள, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆய்வு மையமும் சொந்தமாக ஒரு வகையைத் தயாரித்திருக்கிறது. மீனுக்கோ கால்நடைக்கோ கெடுதல் இல்லை. தொட்டிக்கும் குளத்துக்கும் நல்ல சாமான். ஏக்கருக்கு 170, 180 மரம் இருக்கிற இடத்தில் ஒவ்வொரு சிரட்டைக்கும் ஊற்றி, அடுத்த மழையில் வழிந்துபோய், மறுபடி ஊற்றுவது என்றால் யார் செய்வது? மரத்துக்கு மரம் போகத்தான் வேண்டும் என்றால் கையோடு சிரட்டையைக் கவிழ்த்துவிட்டு வரலாமே.

அதுதான் என் பதில். தினமும் வெட்டு நடக்கும் விளையில் பெரிய பிரச்சினை இல்லை. பாலை எடுத்துவிடுவதால் ஒரு வாரம் தண்ணீர் நிற்பதில்லை. வெட்டு நிற்கும்போதுதான் தொல்லை. தொடர்மழையில் நிற்கும். ரப்பர் விலை விழுந்து, வெட்டுக் கூலிக்குக் கட்டவில்லை என்று சொந்தக்காரர் விட்டுவிட்டாலும் நிற்கும். விலை இறங்கிய வருஷம் சிரட்டைகள் மாசக்கணக்கில் வாயைத் திறந்துகொண்டே தொங்கும். கோட்டயத்து ரப்பர் விலைக்கும் நம் ஊர்க் காய்ச்சலுக்கும் இப்படி ஒரு தொடர்பு உண்டு; அதை எந்தக் கணக்கிலும் சேர்ப்பதில்லை. ஒரு வெட்டுக்காரர் ஒரே காலையில் 300 மரம் வெட்டுவார் என்றால், கவிழ்ப்பதற்கு அதில் பாதி நேரம்கூட ஆகாது.

விளையில் புகையடிப்பதைப் பற்றி இரண்டு வரி போதும். புகை பறக்கிற கொசுவை மட்டும் கொல்லும். முட்டைக்கும் புழுவுக்கும் ஒன்றும் ஆகாது. தரைமூடிக் கொடியின் அடியில் ஒதுங்கியிருக்கும் கொசுவுக்கும் பெரிதாக எட்டாது. காய்ச்சல் வந்த வீட்டைச் சுற்றி உடனே அடிப்பதில் அர்த்தம் உண்டு. ஊர் முழுக்க வண்டி ஓட்டுவது பெரும்பாலும் பார்வைக்குத்தான்.

இன்னொன்று. விளைக்காட்டில் வரும் காய்ச்சல் எல்லாம் கொசுக் காய்ச்சல் அல்ல. புதர்ப் பூச்சிக் காய்ச்சல் என்கிற ஸ்க்ரப் டைபஸ், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சிறு உண்ணியின் குஞ்சு கடிப்பதால் வருவது. அந்த உண்ணிக்குள்ளும் ஒரு பாக்டீரியா தாயிடமிருந்து முட்டை வழியாகப் பிள்ளைக்குப் போகிறது. ஆனால் வோல்பாக்கியா போல நம்மைச் சும்மா விடாது, கடிக்கும்போது நமக்குள் வந்துவிடும். இடுப்பு மடிப்பிலோ அக்குளிலோ சிகரெட்டால் சுட்டது போல கருத்த பொருக்கு இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள். டாக்சிசைக்ளினுக்குக் கேட்கும் நோய் அது. சிரட்டையைக் கவிழ்ப்பது இதற்கு உதவாது.

நகரத்துக்கும் கடற்கரைக்கும்

வடசேரியிலோ கோட்டாறிலோ வீடுகள் சுவரோடு சுவர். கடற்கரையில் இன்னும் நெருக்கம். குழாய்த் தண்ணீர் தினமும் வராத இடத்தில் குடமும் டிரம்மும் நிரப்பி வைக்காமல் முடியாது. "தண்ணீர் தேக்காதீர்கள்" என்று அவர்களிடம் போய்ச் சொல்வதைப் போல எரிச்சலூட்டுவது வேறில்லை. மூடி வைக்கச் சொல்லலாம், வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவச் சொல்லலாம். புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்றினால் குடிநீரில் வாடை என்று பாதிப் பேர் கொட்டிவிடுவார்கள். கிணற்றில் கப்பி மீன் விடுவது நல்லது, டிரம்முக்கு ஆகாது. கம்பூசியா மீனைக் குளத்தில் விட வேண்டாம், நாட்டு மீன் குஞ்சுகளைத் தின்றுவிடும்.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் மாற்றிவைக்கும் திட்டம் ஏற்றது. ஒருமுறை நிலைத்துவிட்டால் தானே தொடரும், ஆண்டுதோறும் பணம் கேட்காது, டிரம்மைக் காலி செய்யச் சொல்லாது. வோல்பாக்கியாவில் எந்த வகை என்பதும் ஒரு தேர்வு. பழ ஈயிலிருந்து வந்த ‘மெல்’ வகை வைரஸை நன்றாகத் தடுக்கும், ஆனால் கொசுப்புழு வாழும் தண்ணீர் நன்றாகச் சூடேறினால் பாக்டீரியா குறைந்துவிடும். ஆல்போபிக்டஸிலிருந்து எடுத்த ‘ஆல்ப்-பி’ வகை வெப்பம் தாங்கும். மலேசியாவில் அதைத்தான் விட்டார்கள், டெங்கு ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. இரண்டும் வெவ்வேறு விதமாக நடந்த சோதனைகள் என்பதால் எண்ணை எண்ணோடு நேரே ஒப்பிட முடியாது. மதுரை, வேலூர் வெயில் நமக்குக் கிடையாது, கடல்காற்றும் மலையும் இருக்கின்றன. குமரிக்கு ‘மெல்’ போதும் என்பது என் எண்ணம். வேலூர்க்காரராக இருந்தால் மாற்றித்தான் சொல்வேன்.

சரி, எங்கே வாங்குவது? எங்கேயும் வாங்க முடியாது. புதுச்சேரி மையம் இந்த இரண்டு வகையையும் ஏற்றிய எஜிப்டி வம்சங்களை உருவாக்கியதாக 2022 ஜூலையில் அறிவித்தது. ஊருக்குள் விட அரசின் அனுமதி வேண்டும். ஊராட்சியோ மாநகராட்சியோ தீர்மானம் போட்டுத் தருவித்துக்கொள்ளும் பொருள் அல்ல. இந்த சீசனுக்கு இது மருந்து இல்லை. "எங்கள் நகரத்தைச் சோதனைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டு வைக்கலாம், அவ்வளவே.

கேட்பதற்கு முன் ஊர் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. விடுகிற மாதங்களில் கொசு கூடும், கடியும் கூடும். அந்த மாதங்களில் புகை அடித்தால் நாம் விட்ட கொசுவே சாகும். காய்ச்சல் வந்தால் புகை கேட்டுப் பழகிய ஊரில் இது லேசான காரியமல்ல. ரியோ டி ஜெனீரோவில் முதலில் விட்ட கொசுக்கள் நிலைக்கவில்லை. அங்குள்ள கொசு, கொசு லிக்விடிலும் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்துக்கு மரத்துப்போயிருந்தது, விட்டவை மரத்துப்போகாதவை. உள்ளூர்க் கொசுவின் எதிர்ப்பையும் ஏற்றி விட்ட பிறகுதான் நின்றன. வீட்டுக்கு வீடு லிக்விட் கொளுத்தும் நாகர்கோவிலில் இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும்: நம் ஊர்க் கொசுவோடு கலந்து வளர்த்ததா?

ராத்திரி காதில் ரீங்காரமிடும் சாக்கடைக் கொசு இதனால் குறையாது. அது க்யூலெக்ஸ், அதில் வோல்பாக்கியா பழைய குடி. 1967-இல் பர்மாவின் ஓக்போ என்ற கிராமத்தில், பொருந்தாத வகை ஆண்களை விட்டு அந்தக் கொசுவை ஒழித்துக் காட்டினார்கள். செப்டிக் டேங்க் குழாயின் வாயில் வலை கட்டுவது அதைவிட மலிவு. மக்களில் பாதிப் பேர் "கொசு" என்று புகார் சொல்வது இந்தக் கொசுவைத்தான். திட்டம் வந்து ஒரு வருஷம் கழித்தும் ராத்திரி கடி குறையவில்லை என்றால் ஏமாற்றிவிட்டார்கள் என்பார்கள். அதனால் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

ஊர்ச் சம்மதம் இல்லாமல் இது நடக்காது என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. 1970-களில் உலக சுகாதார நிறுவனமும் ஐசிஎம்ஆரும் டெல்லியில் கொசு மரபியல் திட்டம் ஒன்றை நடத்தின. சோனிப்பட்டில் ஏடிஸ் கொசுவை விடத் தயாரானபோது, இது அந்நியர் செய்யும் உயிரி ஆயுதச் சோதனை என்று சந்தேகம் கிளம்பியது. 1975-இல் திட்டமே மூடப்பட்டது. அந்தச் சந்தேகம் சரியா தவறா என்பது வேறு விஷயம், விளக்கம் பிந்தி வந்தது என்பதுதான் அங்கே நடந்தது. இங்கே கோயில் கமிட்டியும் பங்குச் சாமியாரும் ஜமாத்தும் உட்கார்ந்து பேசினால் ஒரு வாரத்தில் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அந்த வசதியை அதிகாரிகள் முதலிலேயே பயன்படுத்த வேண்டும்.

என் வரிசை இது. நகரத்திலும் கடற்கரையிலும் இந்த மழைக்கு மூடியும் தேய்த்துக் கழுவுவதும்தான், தேங்கி நிற்கும் பெரிய தொட்டிகளுக்கு பிடிஐ, காய்ச்சல் வீட்டைச் சுற்றி மட்டும் புகை. கரையேற்றிய வள்ளங்களுக்குள் தேங்கும் நீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூடவே, மாற்றிவைக்கும் திட்டத்துக்கு மனு. மலைப்பக்கம் மனு வேண்டாம், சிரட்டை போதும். வெட்டு நடக்கும் விளையில் வெட்டுக்காரரே கவிழ்ப்பார், அதற்கு அரைநாள் கூலி சேர்த்துக் கொடுப்பது நியாயம். வெட்டு நிறுத்திய விளையில் சொந்தக்காரர் திருவனந்தபுரத்திலோ துபாயிலோ இருப்பார். அங்கே குத்தகைச் சீட்டு எழுதும்போதே, வெட்டு நின்ற மூன்றாம் நாளுக்குள் சிரட்டை கழற்றி அடுக்குவது யார் பொறுப்பு என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ஊராட்சி அபராதம் போட வந்தால் காட்டுவதற்கும் அந்தச் சீட்டு உதவும்.